மாட்டுக்கு முன் புல்



2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூட்டம் திரண்ட பிறகு, நாட்டு மாட்டின் மேல் நம் இளைஞர்களுக்குப் புதிதாக ஓர் ஆசை வந்தது. 2020இல் ஊரடங்கு வந்தது. நகரத்தில் இருந்தவர்கள் ஊருக்கு வந்து, அப்பாவின் ஒன்றரை ஏக்கரை மறுபடி சுற்றிப் பார்த்தார்கள். ஒரு மாடு, நாலு வெள்ளாடு, பத்துக் கோழி, வீட்டுக்குப் பின்னால் காய்கறிப் பாத்தி. காகிதத்தில் எழுதினால் கணக்கு அழகாகத்தான் வரும். எழுதிய கையோடு சந்தைக்குப் போய் மாட்டைப் பிடித்து வந்துவிடுகிறார்கள். வண்டியிலிருந்து மாடு இறங்கிய பிறகுதான் கேள்வி எழுகிறது: இதற்குச் சாயங்காலம் என்ன போடுவது?

இன்றைய பேச்சு முழுக்க அந்தச் சாயங்காலக் கேள்வியைப் பற்றித்தான். சிறு குடும்பப் பண்ணைக்கு முதல் முதலீடு மாடு என்று நினைப்பவர்கள் தடுமாறுகிறார்கள். புல்லையும் வேலியையும் முதலில் போட்டவர்கள் நிலைக்கிறார்கள்.

இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். காங்கயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் பக்கத்துக் கொறங்காடுகளைப் பார்த்தால் போதும். ஆண்டுக்கு 600 மில்லிமீட்டரை ஒட்டிய மழை. கிணற்றுத் தண்ணீர் எட்டாத மேட்டு நிலம். அதை அங்குள்ள குடியானவர்கள் மேய்ச்சலுக்கென்றே ஒதுக்கி வைத்தார்கள். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், இடையிடையே வெள்வேல மரம். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் கொறங்காடு.

மூன்றுக்கும் தனித்தனி வேலை உண்டு. கிளுவைப் போத்தை ஊன்றினால் வேர்விட்டு முள்வேலியாகிவிடும், வறட்சிக்கு அசையாது. படலைச் சாத்திவிட்டால் மேய்ப்பவர் இல்லாமலே ஆடுமாடு உள்ளே நிற்கும். ஓர் ஆள் கூலி அங்கேயே மிச்சம். கொழுக்கட்டைப்புல் கோடையில் காய்ந்து கிடந்தாலும் அடியில் வேர் சாகாது. ஒரு மழை விழுந்ததும் துளிர்க்கும். புல் இல்லாத கோடையில் வெள்வேலங்காய் உதிரும். ஆடும் மாடும் அதைத் தேடித் தின்னும். காட்டைத் துண்டு துண்டாக வேலி பிரித்து, ஒன்றில் மேய விட்டு மற்றதை ஆறப்போடுவார்கள். மாடும் எருமையும் மேய்ந்த இடத்தில் பிறகு செம்மறி போகும், குட்டைப் புல்லைக் கறித்துத் தின்ன.

காங்கயம் காளையின் பெயர் நாடெங்கும் தெரியும். அந்த இனத்தைப் பேணி வளர்த்ததில் பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்துக்குப் பெரும்பங்கு உண்டு. ஆனால் அந்த மாட்டைத் தாங்கிய நிலம் கொறங்காடு. உழவுக்கு டிராக்டர் வந்து காளைக்கு வேலை குறைந்ததும், மேய்ச்சல் காடு மனையாகப் பிரிந்ததும் சேர்ந்துதான் அந்த இனத்தின் எண்ணிக்கையைச் சரித்தன.

எல்லாருக்கும் கொறங்காடு வாய்க்காது. 2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் கீழே. அந்த அளவில் புல்லை வளர்த்துத்தான் ஆக வேண்டும். எவ்வளவு?

கலப்பினக் கறவை மாடு ஒன்றுக்கு நாளொன்றுக்குச் சுமார் 25 கிலோ பசுந்தீவனம், 5 கிலோ உலர்தீவனம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. கலப்புத்தீவனம் உடம்பு நிற்க ஒன்றரை கிலோ. அதற்கு மேல் கறக்கும் ஒவ்வொரு இரண்டரை லிட்டருக்கும் ஒரு கிலோ. எட்டு லிட்டர் கறக்கும் மாட்டுக்கு இது ஏறத்தாழ நாலே முக்கால் கிலோ ஆகிறது. பால் காசு அத்தனையும் புண்ணாக்குக் கடைக்கே போகிறது என்று புலம்பும் வீட்டில், அநேகமாகப் பசும்புல் பற்றாமல் மூட்டைத் தீவனம் கூடியிருக்கும்.

கோவை வேளாண் பல்கலைக்கழகம் தந்த கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லை, கோ-4, கோ-5 என்று, பலரும் பார்த்திருப்பீர்கள். நட்ட 75, 80 நாளில் முதல் அறுப்பு. பிறகு 45 நாளுக்கு ஒன்று. தண்ணீரும் எருவும் குறையாவிட்டால் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 350 டன்னுக்கு மேல் வரும் என்கிறார்கள். அதைச் சென்ட்டுக்குப் பிரித்தால் நாளுக்கு நாலு கிலோ. நம் தோட்டத்தில் முக்கால் பங்குதான் வரும் என்று வைத்துக்கொண்டாலும் எட்டு ஒன்பது சென்ட் போதும். ஒரு மாட்டுக்குப் பத்து சென்ட் என்று மனதில் வைத்துக்கொள்ளலாம். மழைக்காலத்தில் மிஞ்சுவதை ஊறுகாய்ப்புல்லாகக் குழியில் மிதித்து மூடினால் கோடைக்கு ஆகும்.

புல் மட்டும் கொடுத்தால் புரதம் பற்றாது. வரப்பில் வேலிமசால், வாய்க்கால் ஓரம் அகத்தி வேண்டும். சவுண்டல் தழை நல்லதுதான். ஆனால் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. இன்னொன்றைப் பெரியவர்கள் அறிவார்கள், புதிதாக வருபவர்கள் அறிவதில்லை. மழை தப்பிக் குட்டையாக வாடி நிற்கும் இளம் சோளப் பயிரில் சயனைடு நஞ்சு ஊறியிருக்கும். வீணாகப் போகிறதே என்று மாட்டை அவிழ்த்துவிட்டால், மருத்துவர் வந்து சேர்வதற்குள் மாடு விழுந்துவிடும். பூவெடுத்த பின் அறுத்துக் காயவைத்த தட்டில் அந்தப் பயம் பெரும்பாலும் இல்லை.

எந்த மாடு என்பதையும் புல்தான் முடிவு செய்கிறது. பத்து சென்ட்டுக்குத் தண்ணீர் பாய்ச்ச வழியிருந்தால் கலப்பினம் கட்டலாம். மேட்டாங்காடு மட்டுமே இருந்தால் காங்கயமோ செம்மறியோதான் தாங்கும். காங்கயம் உழைப்புக்கான இனம். இரண்டு மூன்று லிட்டர் கறந்தால் அதுவே திருப்தி. வீட்டுக்குப் பாலும் மோரும் ஆகும். சொசைட்டிக்கு ஊற்றிக் கடனடைக்கலாம் என்று அதை வாங்குபவர் ஏமாறுவார்.

சாணத்தின் கணக்கு புல் கணக்கின் மறுபக்கம். வளர்ந்த மாடு நாளுக்குப் பத்து கிலோவுக்குக் குறையாமல் போடும். அது வெயிலில் காயாமல், நிழலில் குப்பைக்குழியில் மக்கினால் புல் பாத்திக்கும் காய்கறிப் பாத்திக்கும் போகும். அங்கே சுரை, பீர்க்கு, புடலை, கத்தரி. பந்தல் அவரையை ஆடியில் ஊன்றுவதற்குக் காரணம் இருக்கிறது: பகல் குறுகும்போது பூக்கும் பழைய வகை அது. முற்றிய காயும் பூச்சி விழுந்த இலையும் கோழிக்கு.

நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60, 80 முட்டைதான் இடும். ஆனால் தானே அடைகாத்து 21 நாளில் குஞ்சு பொரித்துக் கூட்டி வரும். வெள்ளைக்கழிச்சல் புகுந்தால் ஒரே வாரத்தில் கூடு காலி. குஞ்சுக்கு ஏழாம் நாள் சொட்டு மருந்தும் எட்டாம் வாரம் ஊசியும் போட்டால் அந்த இழப்பு இல்லை. ஆட்டுக்குத் துள்ளுமாரித் தடுப்பூசியை மழைக்கு முன்பே போட வேண்டும். புதுமழைப் புல்லை வயிறு முட்ட மேய்ந்த ஆடுதான் அந்த நோயில் திடீரென்று விழுகிறது.

இந்த வேலையெல்லாம் யார் செய்கிறார்கள்? குடும்பப் பண்ணை என்று சொல்லும்போது, விடியுமுன் கட்டுத்தரை கூட்டி, சாணம் அள்ளி, பால் கறந்து, புல் அறுத்துச் சுமந்து வருபவர் பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண். புல் பாத்தி கட்டுத்தரையை ஒட்டி இருந்தால் அவருடைய நடை குறையும். சொசைட்டி பாஸ்புக்கும் அவர் பெயரில் இருந்தால் பால் காசு அவர் கையில் வந்து சேரும். இடம் குறிப்பதற்கு முன் ஆண்கள் அவரிடம் கேட்டுவிட்டுக் குறிக்கட்டும்.

மாடு வாங்கும் யோசனையோடு வந்தவர்களுக்கு ஒரு நாள்காட்டி. கண்ணபுரம் சந்தை சித்திரையில் கூடுகிறது. அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தை ஆடியில். சித்திரையில் மாடு பிடிக்க நினைப்பவர் தை பிறந்ததும் கோ-5 கரணையை ஊன்றிவிட வேண்டும். ஆடிச் சந்தைக்குப் போகிறவருக்குச் சித்திரை மாதம் முழுக்க அவகாசம் இருக்கிறது. பக்கத்துத் தோட்டத்தில் கேட்டாலே கரணை கிடைக்கும். முதல் அறுப்பு கைக்கு வந்த வாரத்தில் சந்தைக்குக் கிளம்பலாம். இனி உங்கள் கேள்விகள்.