பட்டன் போன் வாங்குமுன்

கண்ணுக்கும் மனத்துக்கும் சற்று ஓய்வு வேண்டுமென்று கருதியோ, வீட்டுப் பெரியவர்களின் சௌகரியத்தை உத்தேசித்தோ, ஸ்மார்ட்போனை ஒதுக்கிவிட்டு, மடக்கினால் பேச்சு முடிந்துவிடுகிற பட்டன் போனுக்கே திரும்ப விரும்புகிறவர்கள் இப்போது சிலர் இருக்கிறார்கள். நல்ல காரியந்தான். ஆனால் ஒன்று. வாங்குமுன், பெட்டியின் மேல் 4ஜி என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

காரணம் இதுதான். பீரோவில் பத்திரமாகக் கிடந்த பழைய போனை எடுத்துத் துடைத்து, சார்ஜ் ஏற்றி, ஆசையோடு ஜியோ சிம்மைச் செருகினால், சிக்னல் கோடு ஒன்றுகூட எழும்பாது. போனில் பழுதில்லை. அதற்குத் தெரிந்தது 2ஜி; ஜியோவோ 2016-இல் தொடங்கிய நாள்முதல் 2ஜி சேவையே தந்ததில்லை. மீட்டர் கேஜ் வண்டி அகலப் பாதையில் ஓடுமா?

பணம் அனுப்ப முடியாதே என்று தயங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி தொடங்கிவைத்த யு.பி.ஐ. 123பே என்னும் ஏற்பாட்டின்படி, இணைய சம்பந்தமே இல்லாமல், ஓர் எண்ணை அழைத்து, அது சொல்லுகிறபடி பட்டன்களை அழுத்தியே பணம் அனுப்பலாம். ரகசிய எண்ணை மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். அது எந்த போனுக்கும் பொதுவான விதி.

ஆகவே, கடைக்காரரிடம் 4ஜி பட்டன் போன் என்றே கேளுங்கள். உங்கள் சிம்மை அங்கேயே போட்டு, வீட்டுக்கு ஒருமுறை பேசிப் பார்த்தபின் பணத்தைக் கொடுங்கள்.