அடுப்பிலே நெருப்பு, வீட்டிலே குளிர்

(நீலகிரி மலைக் கிராமக் குழு உறுப்பினர்களிடம் மார்கழி மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



தலைவி அக்கா என்னைப் பேசக் கூப்பிட்டபோதே, "கடன் வசூலைப் பத்தி எல்லா மாசமும் பேசறோம். இந்தத் தடவை குளிரைப் பத்திப் பேசு" என்று சொல்லிவிட்டார். அதனால் பாஸ் புத்தகத்தை இன்னைக்கு ஓரமா வச்சிடுங்க.

மார்கழி, தை வந்தால் நம்ம பக்கம் விடிகாலையில் புல் மேல் உறைபனி வெள்ளையாகக் கிடக்குது. தேயிலை கருகுது. அந்தக் குளிருக்கு நாம் எவ்வளவு விறகு எரிக்கிறோம், அதில் எவ்வளவு சூடு நம்ம உடம்புக்கு வந்து சேருது என்று என்னைக்காவது கணக்குப் பார்த்திருக்கோமா? நானும் பார்த்தது இல்லை. என் வீட்டில் ஒரு சம்பவம் நடந்த பிறகுதான் பார்த்தேன்.

நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ராத்திரி. குளிர் தாங்கல. அடுப்பில் மிஞ்சின தணலை இரும்புச் சட்டியில் அள்ளிப் படுக்கிற அறையில் வச்சோம். புகை கொஞ்சமும் இல்லை, நல்ல சிவப்புத் தணல். கதவைச் சாத்தி, ஜன்னல் சந்தில் பேப்பரை அடைச்சுப் படுத்துட்டோம். விடிகாலையில் சின்னவள் எழுந்து "அம்மா, தலை சுத்துது" என்று வாந்தி எடுத்தாள். நான் எழுந்தால் கால் நிற்கல. தினமும் நாலு மணிக்கு எழுந்திருக்கிற மாமியார், கூப்பிடக் கூப்பிடக் கண்ணைத் திறக்கல. தவழ்ந்து போய்க் கதவைத் திறந்தேன். மூணு பேரும் பிழைச்சது பெரிய விஷயம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் விளக்கிச் சொன்னார். புகை இல்லாவிட்டாலும் தணலில் இருந்து கார்பன் மோனாக்சைடு என்கிற வாயு வரும். அதுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் பிராணவாயு ஏற வேண்டிய இடத்தில் இது ஏறி உட்கார்ந்துக்கும். தூங்குறவங்களுக்குத் தெரியாமலே உயிர் போயிடும். தலைவலி, தலைசுத்தல், வாந்தி வந்தால் உடனே கதவைத் திறந்து எல்லோரையும் வெளியே கொண்டு வரணும், அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போகணும். இதை வீட்டில் ஆம்பளைங்களுக்கும் சொல்லுங்க.

அன்னையில் இருந்து படுக்கிற அறையில் நெருப்பே கிடையாது என்று முடிவு பண்ணினேன். சந்தை அடைக்கிறது அந்த அறையில் மட்டும்தான். அடுப்பு எரிகிற சமையல் அறையில் காற்று வர வழி திறந்தே இருக்கும். இதை மாத்திச் செய்தால் ஆபத்து.

"நெருப்பு இல்லாமல் எப்படிச் சூடு வரும்?" என்று கேட்பீங்க. வர்ற சூட்டைப் போகவிடாமல் பிடிச்சு வைக்கணும், அவ்வளவுதான். தோடர்களின் பழைய வீட்டைப் பார்த்திருப்பீங்க. வளைஞ்ச கூரை, தடிமனாக வேய்ஞ்ச புல், தவழ்ந்து நுழையற மாதிரி சின்ன வாசல். நாமோ தகர ஷீட் போட்டு உட்கார்ந்திருக்கோம். சூடான காற்று மேலே போகும், தகரம் அதை வானத்துக்குக் கொடுத்திடும். நான் படுக்கிற அறையில் ஷீட்டுக்குக் கீழே மூங்கில் தட்டி அடிச்சேன், கரண்ட் வயர் படாமல். கதவடியில் பழைய சேலையைச் சுருட்டி வச்சேன். பாய்க்குக் கீழே சாக்கும் அட்டையும் போட்டேன், ஏன்னா சிமெண்ட் தரை உடம்புச் சூட்டை உறிஞ்சும். பகலில் வெயில் வர்ற ஜன்னலைத் திறந்து வச்சு, நாலு மணிக்கெல்லாம் சாத்திடறோம். பெரிய வேலை என்றால் அடுப்பை இடம் மாத்தினதுதான். படுக்கிற அறைக்கும் சமையல் அறைக்கும் நடுவில் இருக்கிற கல் சுவரை ஒட்டிப் போட்டோம். ராத்திரிச் சமையல் முடிஞ்ச பிறகும் அந்தச் சுவர் ரொம்ப நேரம் வெதுவெதுன்னு இருக்கு. மாமியார் கட்டில் இப்போ அங்கேதான்.

இனி விறகுக் கணக்கு. ஒரு கிலோ காய்ந்த விறகின் சூடு முழுசும் தண்ணீரில் இறங்கினால் 100 லிட்டருக்கு மேல் குளிக்கிற பதத்துக்குச் சுட வைக்கலாம். மூணு கல் அடுப்பில் 10, 15 லிட்டர்தான் தேறும். மீதிச் சூடு பாத்திரத்தைச் சுத்திக்கிட்டு வெளியே ஓடிடுது. பாத்திரம் உட்காருகிற அளவுக்கு மண் பூசி, வாயைச் சின்னதாக்கி, அடியில் காற்று போகக் கம்பி வச்சு, புகைபோக்கியும் வச்சால் அதே வெந்நீருக்குப் பாதி விறகு போதும். புகைபோக்கியை மாசம் ஒரு தடவை சுத்தம் செய்யணும். 1983-ல் தொடங்கின மத்திய அரசுத் திட்டத்தில் புகையில்லா அடுப்பு கொடுத்தாங்க. பல வீடுகளில் குழாய் கரியால் அடைச்சு, அடுப்பையே இடிச்சுப் போட்டாங்க. அடுப்பு மேல் தப்பு இல்லை.

பச்சை விறகு எரிக்கவே எரிக்காதீங்க. அதன் எடையில் பாதிக்குப் பக்கமாகத் தண்ணீர். அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே நம்ம நெருப்பு செலவாகுது, புகை நம்ம கண்ணுக்கு. கவாத்துக் குச்சியையும் சில்வர் ஓக் கிளையையும் பிளந்து, மழை படாமல் இறவாரத்தில் அடுக்கி, அடுத்த பருவத்துக்கு எடுங்க. வெந்நீர்ப் பானைக்கு மூடி போடுங்க. பருப்பு வேகலைன்னு பருப்பைத் திட்டாதீங்க. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் உயரம், இங்கே தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதிச்சிடுது. பிரஷர் குக்கர் நமக்கு ஆடம்பரம் இல்லை.

ரூம் ஹீட்டருக்குக் கடன் கேட்டு ஒரு தங்கச்சி மனு கொடுத்திருக்கு. 2,000 வாட் ஹீட்டர் 5 மணி நேரம் ஓடினால் 10 யூனிட். பத்தே ராத்திரியில் 100 யூனிட் காலி. அந்தக் கடனை மூங்கில் தட்டிக்கு வாங்கிக்கம்மா என்றுதான் நான் சொல்வேன்.

போன கூட்டத்தில் பாட்டி ஒருத்தர், "புகை இருந்தாத்தான் கூரை உளுத்துப் போகாது" என்றார். புல் கூரைக்கு அது சரி. தகரத்துக்கு எதுக்கு பாட்டி புகை?

எங்க வீட்டில் வாரம் ஆறு சுமை போன விறகு இப்போ நாலு. ரெண்டு தடவை காட்டுக்குப் போறது மிச்சம். காட்டெருமையும் கரடியும் நிற்கிற வழியில் அது எவ்வளவு பெரிசுன்னு உங்களுக்குத் தெரியும். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒரு வாரம் உங்க வீட்டில் எத்தனை சுமை போச்சுன்னு எழுதிக்கிட்டு வாங்க. அடுப்பு கட்டத் தெரிஞ்ச அக்காவையும் அழைச்சிருக்கோம், மண்ணும் சாணியும் நீங்க கொண்டு வரணும்.