தொழிலகப் பொறியியலும் கல்லூரிப் பாட ஒழுங்கும்

(சுந்தரபாண்டியத்தில் நம் சங்கத்தார் கூட்டிய கல்விக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கணமும் இலக்கியமும் கற்பித்து வாழும் எம்மைப் பொறியியற் கல்வி பற்றிப் பேசுமாறு சங்கத்தார் பணித்தனர். இஃது எமது துறை அன்று. ஆயினும், பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய பிள்ளைகள் ஆண்டுதோறும் தம் பெற்றோருடன் எம் இல்லத் திண்ணைக்கு வந்து, "ஐயா, எப்படிப்பிற் சேர்க்கலாம்?" என வினவுகின்றனர். வினவினார்க்கு விடை கூறுதல் ஆசிரியன் கடமை. ஆதலின், கல்லூரிகளின் பாடத்திட்டங்களை வருவித்துப் படித்தும், எம்மிடம் பயின்று பொறியாளராயினாரைக் கேட்டும் அறிந்தவற்றையே ஈண்டு உரைக்கின்றோம்.

பொறியியல் என்றவுடன் நம்மவர் கணிப்பொறி ஒன்றையே நினைக்கின்றனர். அதனை விட்டால் கட்டடம், மின்சாரம், இயந்திரம் என்பர். தொழிலகப் பொறியியல் என ஒன்று உளது என்பதை அறிந்தார் மிகச் சிலரே. ஆங்கிலத்தில் இண்டஸ்ட்ரியல் இன்ஜினீயரிங் என்பது இதுவே. இயந்திரப் பொறியியல் கற்பவன் இயந்திரத்தை எவ்வாறு ஆக்குவது என ஆராய்கின்றான். தொழிலகப் பொறியியல் கற்பவனோ, ஆள், இயந்திரம், மூலப்பொருள், காலம், பணம் என்னும் ஐந்தையும் வீணின்றி எவ்வாறு இயைப்பது என ஆராய்கின்றான். முன்னையது கருவியைப் பற்றியது. பின்னையது தொழில் முழுவதையும் பற்றியது.

இக்கல்வி தோன்றிய வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம். அமெரிக்க நாட்டில் பிராங்க் கில்பிரெத் என்பார் கொத்தர் செங்கல் அடுக்குவதை உற்று நோக்கினார். ஒரு கல்லை எடுத்து வைக்கக் கொத்தர் 18 அசைவுகள் செய்வதைக் கண்டு, கல்லையும் சாந்தையும் கைக்கு எட்டும் உயரத்தில் வைத்து, அவற்றை 5 ஆகக் குறைத்தார். மணிக்கு 120 கல் அடுக்கிய ஆள் 350 கல் அடுக்கினான் என டெய்லர் என்பார் 1911-ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது நூலில் எழுதியுள்ளார். 1913-ஆம் ஆண்டில் போர்டு மோட்டார்த் தொழிற்சாலையில், ஆள் வண்டியை நாடிச் செல்லாது வண்டியே ஆளை நாடி வருமாறு வரிசை அமைத்தனர்; அதனால் ஒரு வண்டியின் அடிச்சட்டத்தைப் பூட்டும் நேரம் ஏறக்குறைய பன்னிரண்டரை மணியிலிருந்து ஒன்றரை மணியாகச் சுருங்கியது. 1924-இல் ஷூவார்ட் என்பார் சரக்கின் தரத்தைக் கணக்கியலால் காக்கும் வரைபடத்தை வகுத்தார். இவையெல்லாம் ஒருங்கு சேர்ந்து ஒரு கல்வித் துறையாயின.

நிற்க. "இவை மேனாட்டுச் செய்திகள், நமக்கு என் பயன்?" எனச் சிலர் வினவக்கூடும். நம் சுற்றுப்புறத்தையே நோக்குமின்! சுந்தரபாண்டியத்தில் தறி ஓசை நாம் பிறந்த நாள்தொட்டுக் கேட்பது. சத்திரப்பட்டியில் மருத்துவத்திற்குரிய கட்டுத்துணி நெய்கின்றனர். இராஜபாளையத்தில் 1936-ஆம் ஆண்டில் தோன்றிய நூலாலையைத் தொடர்ந்து ஆலைகள் பல எழுந்தன. சிவகாசியில் தீப்பெட்டியும் அச்சும் பட்டாசும் உள. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. இத்துணைத் தொழில் சூழ்ந்த ஊரிற் பிறந்த பிள்ளைக்குத் தொழிலை ஒழுங்குறுத்தும் கல்வி எங்ஙனம் அயலாகும்?

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். ஒரு விசைத்தறிக் கூடத்தில் துணி குறைவாக வருகின்றது என்று வைத்துக்கொள்வோம். முதலாளி, நெய்பவர் சோம்பர் என்பார். நெய்பவர், தறி பழையது என்பார். தொழிலகப் பொறியாளன் இருவர் சொல்லையும் கேட்டுக்கொண்டு, பத்து நாட்கள், முன்னறிவிப்பின்றிப் பல நேரங்களிற் சென்று, இருநூறு முறை தறியைப் பார்த்துக் குறிக்கின்றான். அவற்றுள் 50 முறை தறி நின்றிருந்தது. அவ்வைம்பதில், தார் சுற்றி வரக் காத்திருந்தமை 28. பாவு இழை அறுந்தமை 12. மின்சாரம் நின்றமை 6. ஆள் இல்லாமை 4. எனவே, காலத்தில் நான்கில் ஒரு பங்கு வீணாகின்றது. அவ்வீணிற் பாதிக்கு மேற்பட்டது தார் வாராமையால் நேர்ந்தது. நெய்பவரைக் கடிந்து பயன் என்னை? தார் சுற்ற இன்னும் ஓர் ஆளை வைத்தாலே குறை பெரிதும் தீரும். இங்ஙனம் பழியை ஆள் மேல் ஏற்றாது, காரணத்தை எண்ணிக் காண்பதே இக்கல்வியின் உயிர்நிலை.

இதற்கு மறுபுறமும் ஒன்று உண்டு. கடிகாரத்தைக் கையிற் பிடித்துத் தொழிலாளரின் ஒவ்வோர் அசைவையும் அளக்கப் புகுந்தபோது, 1911-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வாட்டர்டவுன் படைக்கலச் சாலையில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அந்நாட்டுச் சட்டமன்றம் விசாரணை நடத்த நேர்ந்தது. ஆளைப் பிழிவதற்கும் இவ்வறிவு பயன்படும். ஆளின் வீண் உழைப்பை நீக்குவதற்கும் பயன்படும். தறிக்குழியில் கால் வைத்து உழைத்தவர் வயிற்றிற் பிறந்த பிள்ளை இதனைக் கற்பின், எப்பக்கம் நிற்க வேண்டும் என்பதை அவனுக்குப் பிறர் கற்பிக்க வேண்டுவதில்லை. நம் பிள்ளைகள் இதனைக் கற்க வேண்டும் என யாம் விழைதற்கு இதுவே முதற் காரணம்.

இனி, பாடங்களை வகுத்துக்கொள்ளும் முறைக்கு வருவோம்.

பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம், இயற்பியல், வேதியியல் ஆகிய மூன்றும் இருத்தல் வேண்டும். தமிழ்நாட்டிற் பொறியியல் நுழைவுத் தேர்வு நீங்கிய பின், கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200-க்குக் கணக்கிட்டே தரவரிசை அமைகின்றது. கணிதம் ஒன்றே பாதியாதலைப் பெற்றோர் மனத்திற் கொள்க. பத்தாம் வகுப்போடு பாலிடெக்னிக் புகுந்து டிப்ளமோ பெற்றவர்க்கும் வழி அடைபடவில்லை. அவர்கள் நேரே இரண்டாம் ஆண்டிற் சேரலாம்.

இப்பெயரிலேயே பி.இ. பட்டம் அளிக்கும் இடங்கள் மிகச் சில. 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தோன்றி, இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கமாகிய கிண்டிப் பொறியியற் கல்லூரியில் இதற்கெனத் தனித் துறை உளது. கரக்பூர் ஐ.ஐ.டி.யிலும் உளது. அவ்விடங்கள் கிட்டாவிடின் மனந்தளர வேண்டா. அருகிலேயே கிருஷ்ணன்கோவிலிலும், சிவகாசியிலும், இராஜபாளையத்திலும், மதுரையிலும் பொறியியற் கல்லூரிகள் உள. அவற்றுள் ஒன்றில் இயந்திரப் பொறியியல் பயின்று, விருப்பப் பாடங்களைத் தொழிலகப் பொறியியலின்பாற் செலுத்தி, பின்னர் எம்.இ. பட்டத்திற்கு இத்துறையையே எடுக்கலாம். திருச்சிராப்பள்ளி என்.ஐ.டி.யில் உள்ள உற்பத்திப் பொறியியலும் இதற்கு நெருங்கிய உறவுடையது. மும்பையில் 1963-இல் இதற்கெனவே நிறுவப்பெற்ற நிட்டி என்னும் நிலையம் 2023 முதல் ஐ.ஐ.எம். மும்பை எனப் பெயர் பெற்றுள்ளது. பட்டத்தின் பின் அங்கும் செல்லலாம்.

பட்டப்படிப்பு நான்கு ஆண்டு, எட்டுப் பருவம். பாடங்களைக் கிரெடிட் என்னும் அலகால் அளக்கின்றனர். வாரம் ஒரு மணி விரிவுரை ஒரு பருவம் நடப்பின் ஒரு கிரெடிட். செய்முறையாயின் இரண்டு மணிக்கு ஒன்று. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2018-இல் வெளியிட்ட மாதிரித் திட்டத்தில் பட்டத்திற்கு 160 கிரெடிட் வைத்துள்ளது. கல்லூரிதோறும் இது சிறிது வேறுபடும். எட்டால் வகுப்பின் பருவத்திற்கு இருபது. இதனைக் கருதாது முற்பருவங்களிற் சோம்பி இருப்பவர், இறுதியாண்டில் வேலை தேட வேண்டிய காலத்தில் பழைய தேர்வுகளைச் சுமந்து திரிவர்.

பாடங்கள் ஒன்றையொன்று பற்றி நிற்பன. பாவில் ஓரிழை அறுந்தால் முடி போடும் வரை தறி நிற்பது போன்றது இது. ஆதலின், எப்பாடம் எதற்கு அடிப்படை என்பதை முதற் பருவத்திலேயே ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்க. அத்தாளில் இருக்க வேண்டிய இழைகள் நான்கு.

முதலாவது கணிதத்தின் இழை. நுண்கணிதம், பின் நிகழ்தகவு, பின் புள்ளியியல், பின் தரக் கட்டுப்பாடு என இது செல்லும். முதற் பருவக் கணிதத்தில் தவறியவன், மூன்றாம் ஆண்டுத் தரக் கட்டுப்பாட்டில் இடர்ப்படுவான்.

இரண்டாவது, அணிக்கோவை, பின் செயலாய்வு, பின் உற்பத்தித் திட்டமிடல் என்பது. இருக்கும் நூலையும் தறியையும் கொண்டு எத்தனை சேலை, எத்தனை வேட்டி நெய்தால் ஊதியம் மிகும் என்பது போன்ற வினாக்களுக்குச் செயலாய்வு விடை தரும். அதற்குரிய சிம்ப்ளெக்ஸ் என்னும் முறையை டான்ட்சிக் என்பார் 1947-இல் வகுத்தார்.

மூன்றாவது, கணிப்பொறி நிரல் எழுதுதல், பின் போன்மை ஆய்வு என்பது. கூடத்தைக் கட்டுமுன்னரே அதன் நடப்பைக் கணிப்பொறியில் ஓட்டிக் காண்பது இதனாற் கைகூடும்.

நான்காவது, பொறியியல் வரைபடம், இயந்திரத் தொழிற்கூடப் பயிற்சி, பின் வேலை ஆய்வு, மனித உடலுக்கேற்பக் கருவி அமைத்தல், தொழிற்சாலையின் இட அமைப்பு என்பது. தறியின் மேற் குனிந்து குனிந்து முதுகு வலியுற்ற நம் தாய்மார்க்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

இவற்றுடன் கணக்குப் பதிவும் பொறியியற் பொருளாதாரமும் சேர்க்க. முதலாண்டில் அடிப்படை அறிவியல். இரண்டாம் ஆண்டில் புள்ளியியலும் உற்பத்தி முறைகளும். மூன்றாம் ஆண்டில் செயலாய்வும் தரமும் திட்டமிடலும். நான்காம் ஆண்டில் விருப்பப் பாடமும் ஆய்வுத் திட்டமும் எனப் பொதுவாக வகுத்துக்கொள்ளலாம். விருப்பப் பாடங்களை, எளிது என்று நண்பர் கூறியதை நம்பி அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கொய்தல் கூடாது. சரக்கு வழங்கு தொடரோ, தரமோ, தரவு ஆய்வோ ஒன்றைத் தேர்ந்து அதன் வழியே செல்லுக. விடுமுறை ஒவ்வொன்றிலும் ஏதேனும் ஓர் ஆலையிலோ தறிக்கூடத்திலோ பயிற்சி பெறுக. இறுதியாண்டு ஆய்வுத் திட்டத்தைக் கடையில் விலைக்கு வாங்காது, நம் ஊர்க் கூடம் ஒன்றின் உண்மைக் குறையையே எடுத்து ஆராய்க.

தமிழ் வழியிற் பயின்ற பிள்ளைகள் முதற் பருவத்தில் ஆங்கிலம் கண்டு அஞ்சுகின்றனர். அஞ்சுவது மொழியை, பொருளை அன்று. ஒரு குறிப்பேட்டில் ஒவ்வொரு கலைச்சொல்லையும் இரு மொழியிலும் எழுதி, பொருளைத் தமிழில் ஒரு வரியில் எழுதுக. தன் மொழியில் ஒரு வரி எழுத இயலாதவன் அப்பொருளை உணர்ந்தான் அல்லன். ஆறு திங்களில் அச்சம் அகலும்.

இனிப் பெற்றோர்க்குச் சில சொற்கள். எம் மாணாக்கன் ஒருவனின் தந்தையார், தரகர் ஒருவர் சொல்லை நம்பி, இருந்த இரண்டு தறிகளை விற்றுத் தொலைவில் ஒரு கல்லூரியில் மகனைச் சேர்த்தார். அப்பிரிவில் என்ன கற்பிப்பர் என்பதைத் தந்தையாரும் வினவவில்லை, மகனும் அறியான். இரண்டாம் ஆண்டிற் படிப்பு நின்றது. தறியும் போயிற்று, பட்டமும் வந்திலது. அவன் அறிவிற் குறைந்தவன் அல்லன். பாடத்திட்டம் என்னும் நாற்பது பக்க ஏட்டை முன்னரே ஒருவர் அவனுக்குப் படித்துக் காட்டியிருப்பின் இது நேர்ந்திராது.

அரசு அளிக்கும் உதவிகளையும் அறிந்திடுக. ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிற் பயின்றவர்க்குப் பொறியியல் முதலிய தொழிற்கல்வியில் 7.5 விழுக்காடு இடம் 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒதுக்கப்பட்டது. அவர்தம் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கும் எனவும் அறிவிக்கப்பட்டது. குடும்பத்தின் முதற் பட்டதாரிக்குரிய சலுகை வேறு. மாதந்தோறும் ரூ. 1,000 வழங்கும் திட்டம் பெண்களுக்கு 2022-இலும், ஆண்களுக்கு 2024-இலும் தொடங்கப்பெற்றது. விதிகள் மாறக்கூடுமாதலின் சேரும் ஆண்டில் விசாரித்துக்கொள்க. பெண்மக்களை இப்படிப்பிற்கு அனுப்பத் தயங்குவாரும் உளர். கில்பிரெத் என்பாரின் மனைவியார் லில்லியன், கணவர் மறைந்த பின்னரும் இத்துறையில் உழைத்துப் பெரும்புகழ் பெற்றார் என்பதை அவர்கள் நினைவு கூர்க.

இறுதியாக, நம் சங்கத்தார்க்கு மூன்று விண்ணப்பம். ஒன்று: பல கல்லூரிப் பாடத்திட்டங்களை வருவித்துச் சங்கக் கட்டடத்தில் வைக்க. இரண்டு: பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகட்கு வாரம் இருமுறை மாலையிற் கணித வகுப்பு நடத்துக, படித்து வேலையில் இருக்கும் நம் இளைஞர் விடுமுறையில் வந்து கற்பிப்பர். மூன்று: ஆலையும் தறிக்கூடமும் நடத்தும் உறுப்பினர், கோடை விடுமுறையில் மாணாக்கர் இருவர்க்கேனும் பயிற்சி இடம் தருக. இவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. மனம் இருந்தாற் போதும். தறியை விற்றுப் படிக்க வைக்கும் நிலை நீங்கித் தறியை வாழ வைக்கும் படிப்பு நம்மிடையே பெருகுமாக.