பாறையேறக் கற்க விரும்பும் நம் பிள்ளைகள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

மலையைக் கண்டால் கைகூப்புவது தமிழர் வழக்கம். பழநிக்கும் திருத்தணிக்கும் போக இயலாத ஆண்டுகளில், செம்பூர் செடா நகர் முருகன் கோயிலின் படிகளை ஏறி மனநிறைவு கொள்கிறோம். ஆனால் நம் பிள்ளைகள் இப்போது விரும்புவது படியில்லாத மலையை. செங்குத்துப் பாறையில் கயிறு கட்டி ஏறக் கற்றுத்தருவதாகக் கைப்பேசியில் விளம்பரம் வருகிறது. "அப்பா, பணம் கட்டுங்கள்" என்று கேட்கிறார்கள். நம்மில் பலர் உடனே மறுத்துவிடுகிறோம். வேறு சிலர், குறைந்த கட்டணம் கேட்பவர் யாரோ அவரிடமே பணத்தைக் கட்டிவிட்டு, ஞாயிறு இரவு பிள்ளை திரும்பும்வரை வாசலைப் பார்த்தபடி அமர்ந்திருக்கிறோம். இரண்டுமே தகாதவை. கற்றுத்தருபவர் யார் என்று விசாரித்து, அதன் பிறகு அனுப்புவதே முறை.

பாறையைத் தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. கல்வாவைத் தாண்டியதும் ரயிலின் சாளரம் வழியே தெரியும் மும்ப்ரா மலையில் மும்பை இளைஞர்கள் பல்லாண்டுகளாகப் பழகி வருகிறார்கள். 1916-இல் திறக்கப்பட்ட பார்சிக் சுரங்கம் குடைந்து செல்வதும் அந்த மலைத் தொடரைத்தான். கண்டாலாவுக்கு அருகில் பாம்பின் படம்போல் நிமிர்ந்து நிற்கும் நாகபணி, தேர்ந்தவர்களுக்கு உரியது. பேலாப்பூரிலும் பழகுவதற்கேற்ற பாறைகள் உண்டு. 1954-இல் தோன்றிய 'கிரிவிஹார்' என்னும் மலையேற்றக் கழகம் இந்நகரில் இக்கலையை வளர்த்தது. 2016-இல் பாறையேற்ற உலகக் கோப்பைப் போட்டி நவி மும்பையில் நடைபெற்றது. டோக்கியோவில் 2021-இல் நடந்த ஒலிம்பிக்கிலும் இவ்விளையாட்டுக்கு முதன்முறையாக இடம் கிடைத்தது. ஆகவே, இது வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு என்று இனி நாம் சொல்வதற்கில்லை.

சகியாத்திரிப் பாறை எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக உறைந்து உண்டானது. ஓர் அடுக்கு இரும்புபோல் இருக்கும். அடுத்த அடுக்கு கைப்பிடியோடு பெயர்ந்து வரும். மழைக்காலத்தில் பாசி படர்ந்து வழுக்கும். இவற்றையெல்லாம் கண்டறிந்து சொல்லும் கண் நமக்கு இல்லாமையால்தான் வழிகாட்டியை நாடுகிறோம். நாம் கட்டும் பணம் அந்தக் கண்ணுக்கே. வண்டிக்கும் சிற்றுண்டிக்கும் அன்று.

அவருக்கு அந்தக் கண் வாய்த்திருக்கிறதா என்று அறிவது எவ்வாறு? 1953-இல் எவரெஸ்டின் உச்சியை அடைந்த டென்சிங் பள்ளியில் பயின்றவர் அல்லர். ஆயினும் மறு ஆண்டே டார்ஜிலிங்கில் தொடங்கப்பெற்ற இமாலய மலையேற்றக் கழகத்தில் களப் பயிற்சியின் தலைமை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. (மெட்ரிக்குலேஷனோடு நின்றுவிட்ட நமக்கு இதைக் கேட்க ஒரு தனி மகிழ்ச்சி!) 1965-இல் உத்தரகாசியில் நேரு மலையேற்றக் கழகம் எழுந்தது. இக்கழகங்களில் அடிப்படைப் பயிற்சி ஏறத்தாழ ஒரு மாதம் நடைபெறும். அதில் 'ஏ' தரம் பெற்றவருக்கே மேற்பயிற்சி. அதற்கும் மேலே, பிறருக்குக் கற்பிக்கும் முறையைக் கற்றுத்தரும் பயிற்சி ஒன்று தனியாக உண்டு. "தாங்கள் எந்தக் கழகத்தில் எதுவரை பயின்றீர்கள்?" என்று கேட்பதில் கூச்சம் எதற்கு? தேர்ந்த வழிகாட்டி இக்கேள்விக்கு மகிழ்ச்சியோடு விடை சொல்வார். சினம் கொள்பவரிடம் பிள்ளையை ஒப்படைக்க வேண்டாம். சாகசச் சுற்றுலா நடத்துவோர் பதிவு செய்துகொள்ள வேண்டுமென மகாராஷ்டிர அரசு 2021-இல் ஒரு கொள்கை வகுத்தது. பதிவுச் சான்றையும் கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது கயிறு. ஏறும் கயிறு வேறு, இறங்கும் கயிறு வேறு. விழும்போது ஓரளவு நீண்டு அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்வது ஏறும் கயிறு. நீளாத கயிற்றைக் கட்டிக்கொண்டு மேலே ஏறி விழுந்தால், கயிறு அறாவிட்டாலும் உடல் நொறுங்கும். கொக்கிகளில் அவை தாங்கும் வலிமை பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். தலைக்கவசம் மலையேற்றத்துக்கென்றே செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். மோட்டார் சைக்கிளில் அணிவது இங்கு உதவாது. கீழே நின்று கயிற்றை இழுத்தும் விட்டும் காப்பவர் ஏறுபவரைவிட முக்கியமானவர். அவர் "சரி" என்று குரல் கொடுத்த பின்னரே ஏறுபவர் பாறையில் கைவைக்கலாம். ஒற்றைத் தடத்தில் டோக்கன் கைக்கு வராமல் ஓட்டுநர் வண்டியை எடுப்பாரா? ரயில்வேக் குடும்பத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஒரே நாளில் நூறு பேரை இரண்டு வழிகாட்டிகளோடு அழைத்துச் செல்லும் கூட்டங்களை நாம் அறவே விரும்பவில்லை. மழைக்காலத்தில் சில கோட்டைகளுக்குச் செல்ல மாவட்ட நிர்வாகம் தடை விதிப்பதும் உண்டு. அக்காலத்தில் 'சலுகைக் கட்டணம்' என்று வருவதை அப்படியே அழித்துவிடுங்கள். கையெழுத்திடச் சொல்லும் தாளை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள். விபத்து நேர்ந்தால் பொறுப்பில்லை என்று அதில் எழுதியிருக்கும். அப்படியானால் காப்பீடு யார் பெயரில், எவ்வளவு தொகைக்கு, அருகில் எந்த மருத்துவமனை என்பவற்றைப் பணம் கட்டும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பெண்பிள்ளைகள் பற்றியும் ஒரு வார்த்தை. மகன் கேட்டால் யோசிக்கும் நாம், மகள் கேட்டால் யோசிப்பதே இல்லை. 1984-இல் எவரெஸ்ட் ஏறிய முதல் இந்தியப் பெண்மணி பச்சேந்திரி பால், முன்னே சொன்ன உத்தரகாசிக் கழகத்தில் பயின்றவர். 2023-இல் நம் விருதுநகர் மாவட்டத்து முத்தமிழ்ச்செல்வி அவ்வுச்சியை அடைந்தார். மாதுங்காவிலும் தாராவியிலும் மூன்று மாடி ஏறித் தண்ணீர் சுமக்கும் பெண்களின் கைகளுக்கு வலிமை இல்லையென்று யார் சொல்வது?

மழை ஓய்ந்து பாறை உலர்ந்த பின், நவம்பரில், பன்னிரண்டு பேர் மட்டும் கொண்ட ஒரு குழுவை மும்ப்ராவுக்கு அனுப்ப எண்ணியுள்ளோம். முதல் ஆறு இடங்கள் பெண்களுக்கு. வழிகாட்டியின் சான்றுகள் சங்க அறையில் ஒட்டப்படும். பெற்றோர் பார்த்துவிட்டுப் பெயர் கொடுக்கலாம். மருத்துவச் சான்று அவசியம். மோதிரம், வளையல் வேண்டாம். நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு, இறுக்கமான ரப்பர் அடிச் செருப்பணிகளோடு, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொண்டு, முதல் வண்டிக்கு மாதுங்கா நிலையத்தில் கூடுதல் வேண்டும்.