எந்தப் பதிப்பின் ரிகார்டோ?

(பொருளியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



மேல்நிலை வகுப்பில் டேவிட் ரிகார்டோவின் வாரக் கோட்பாட்டை நடத்தும்போது, “ரிகார்டோ கூறினார்” என்று கரும்பலகையில் எழுதுகிறோம். எந்த ஆண்டில் கூறினார் என்று ஒரு மாணவி கேட்டால், நம் பதில் என்ன?

அவருடைய முதன்மை நூல் அவர் காலத்திலேயே 1817, 1819, 1821 என மூன்று முறை வெளிவந்தது. இயந்திரங்களால் எல்லா வகுப்பினருக்கும் நன்மையே என்று முதலில் கருதியவர், மூன்றாம் பதிப்பில் புதிய இயல் ஒன்றைச் சேர்த்தார். இயந்திரம் தொழிலாளருக்குத் தீங்கும் செய்யலாம் என்று அதில் ஒப்புக்கொண்டார்.

அவர் எழுத்துகளுக்கு இரண்டு முக்கியமான தொகுப்புகள் உண்டு. முதலாவது, அவருடைய நண்பர் மெக்கல்லக் 1846இல் வெளியிட்டது. ஒரே தொகுதி, கையாள எளிது. ஆனால் முதன்மை நூலின் மூன்று பதிப்புகளையும் ஒப்பிட அதில் வழியில்லை. கடிதத் தொகுதிகளும் இல்லை.

இரண்டாவது, பியரோ ஸ்ராஃபாவின் தொகுப்பு. அரச பொருளியல் கழகம் 1930இல் அவரிடம் இப்பணியை ஒப்படைத்தது. மாரிஸ் டாப் துணைநின்றார். 1943இல் அயர்லாந்தில் ஒரு வீட்டின் உலோகப் பெட்டியில், ஜேம்ஸ் மில்லுக்கு ரிகார்டோ எழுதிய கடிதங்கள் கிடைத்தன. அவற்றையும் சேர்த்தே அச்சிட வேண்டும் என்று பணி நீண்டது. 1951 முதல் 1955 வரை பத்துத் தொகுதிகளும், 1973இல் பொருளடைவாகப் பதினோராம் தொகுதியும் வந்தன.

இதன் முதல் தொகுதியில் மூன்று பதிப்புகளின் பாடவேறுபாடுகளும் அடிக்குறிப்புகளாக உள்ளன. ஆறு முதல் ஒன்பது வரையிலான தொகுதிகள் கடிதங்கள். எழுதியவையும் வந்தவையும் சேர்ந்தே உள்ளன. இயந்திர இயலைப் படித்து வருந்திய மெக்கல்லக், 1821இல் ரிகார்டோவுக்கு எழுதிய மறுப்பையும் அங்கே காணலாம். முதல் தொகுப்பை உருவாக்கியவரின் மனத்தாங்கலை இரண்டாம் தொகுப்பு நமக்குக் காட்டுகிறது!

பதினோரு தொகுதிகளையும் நாம் படித்துமுடிக்க வேண்டியதில்லை. ஒரு பாடவேளையில் பத்து நிமிடம் போதும். 1817இன் கருத்தையும் 1821இன் கருத்தையும் பலகையில் அருகருகே எழுதுங்கள். “ஏன் மாற்றிக்கொண்டார்?” என்று கேளுங்கள். தறியோ கணினியோ வந்து வேலை இழந்தவர்களைப் பற்றி மாணவர்களே பேசத் தொடங்குவார்கள்.

அறிஞர் சொன்ன முடிவு தேர்வுக்கு உதவும். அவர் அதை மறுபரிசீலனை செய்த துணிவு வாழ்க்கைக்கு உதவும். இரண்டையும் கற்பிப்போம்.