தொட்டியில்லா இல்லமும் தொட்டிற் செல்வமும்

(ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)

 

இன்று காலையிலிருந்து இம்மேடையில் இலக்கியம் பேசப்பட்டது, இன்னிசை பொழியப்பட்டது, நம் சிறுவர் சிறுமியர் திருக்குறள் ஒப்பித்துப் பரிசு பெற்றனர். எங்களுக்கு அளிக்கப்பெற்ற பொருளோ, அடுக்களையை அடுத்த சிற்றறையில் அன்றாடம் நடைபெறும் ஒன்று. குளியல் தொட்டி இல்லாத வீட்டில் கைக்குழந்தைகளையும் சிறு பிள்ளைகளையும் நீராட்டுவது எங்ஙனம் என்பதே அது. இதைப் பேசவும் ஒரு மேடையா என்று சிலர் புன்னகை புரிவது தெரிகிறது. ஊரில் இருந்திருந்தால் நாங்களும் அவ்வாறே புன்னகைத்திருப்போம். அங்கே இதைப் பற்றிப் பேச வேண்டுவதில்லை. செய்து காட்ட ஒரு பாட்டி இருந்தார். இந்தத் தில்லி மாநகரின் குடியிருப்புகளில் பாட்டி இல்லாத வீடுகளே மிகுதி. ஆதலின் பேச வேண்டியதாயிற்று.

இக்காலத்து இளந்தாய்மார் கைப்பேசியில் காணும் படங்களில் எல்லாம் குழந்தை ஓர் அழகிய தொட்டியில் கிடக்கிறது. நம் குடியிருப்புக் குளியலறையோ, ஒரு வாளியும் ஒரு மணையும் வைத்தால் நிறைந்துவிடும். "தொட்டி வாங்க வேண்டுமா? வாங்கினால் எங்கே வைப்பது?" என்று எங்களிடம் கேட்டவர் பலர். அவர்களுக்கு விடையாகவே இவ்வுரை அமைகிறது.

முதலில் நம் முன்னோர் செய்த முறையை நினைவுகூர்வோம். தாழ்ந்த மணையொன்றில் பாட்டி அமர்வார். புடவையை மேலே செருகிக்கொண்டு இரு கால்களையும் நீட்டுவார். கால்கள் ஒன்றோடொன்று ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும். அந்தச் சிறு இடைவெளியே நீர் வடியும் வாய்க்கால். குழந்தையின் தலை பாதங்களின் பக்கமாகவும், கால்கள் தம் மடியின் பக்கமாகவும் அமையக் கிடத்துவார். முதலில் மல்லாத்தி, பிறகு குப்புற. தலைக்கு நீர் வார்க்கும்போது இடக்கையை நெற்றியின் மேல் வரப்புப் போல் வைத்துக்கொள்வார். வலக்கைச் செம்பிலிருந்து இறங்கும் நீர் ஒரு துளியும் கண்ணிலோ மூக்கிலோ புகாது.

இதில் தொட்டி எங்கே? பாட்டியின் கால்களே தொட்டி. அத்தொட்டிக்கு உடற்சூடு உண்டு. குழந்தை சற்றே நழுவினாலும் உடனே அறியும் உணர்வு உண்டு. மேலும், குழந்தை தேங்கிய நீரில் கிடப்பதில்லை; வார்த்த நீர் அழுக்கோடு வடிந்து போய்விடுகிறது. பெரியாழ்வார் தம் திருமொழியில் கண்ணனை யசோதை நீராட அழைப்பதற்கென்றே ஒரு பதிகம் பாடியுள்ளார். எண்ணெயும் புளிப்பழமும் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள் அத்தாய். பிள்ளையை நீராட்டுதல் நம் மரபில் அத்துணைப் பழமையும் பெருமையும் உடைய செயல்.

இனி எங்கள் கதைக்கு வருகிறோம். 1996-ஆம் ஆண்டு டிசம்பரில் எங்கள் தலைமகள் இந்நகரில் பிறந்தாள். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா நாற்பது நாள் அருகிலிருந்து பார்த்துக்கொண்டார். பிறகு ஊரில் அப்பாவுக்கு உடல்நலம் குன்றியதாகச் செய்தி வரவே, கிராண்ட் ட்ரங்க் விரைவு வண்டியில் அவரை ஏற்றிவிட்டோம். மறுநாள் காலை வாளியின் முன்னே நாங்கள் இருவரும் திகைத்து நின்றோம். நாற்பது நாளும் வெந்நீர் விளாவிக் கொடுத்தோம். துண்டு எடுத்து நீட்டினோம். ஒருநாளாவது மணையில் அமர்ந்தோமில்லை! மூன்று நாள் ஈரத்துணியால் துடைத்தே பொழுதைக் கழித்தோம். அம்மா ஊர் சேர்ந்தபின், கட்டணம் குறையும் இரவு நேரம் பார்த்து எஸ்.டி.டி. பூத்தில் நின்று வழி கேட்டோம். அவர் கூறியது மிகச் சுருக்கம்: "பயந்துகொண்டே நின்றால் வராது. கால் நீட்டி உட்காருங்கள். குழந்தை தானே அடங்கும்." மறுநாள் மணையில் அமர்ந்தது எங்களுள் தந்தையே. அறுவை மருத்துவத்தால் மகப்பேறு ஆனமையின் தாய்க்குக் குனிந்து நிமிர்வது இயலாதிருந்தது. அன்று முதல், இது பெண்டிர்க்கே உரிய கலை என்ற எண்ணம் எங்கள் வீட்டை விட்டு நீங்கியது.

நாங்கள் பட்டறிந்தவற்றையும் மருத்துவர்வழிக் கேட்டறிந்தவற்றையும் இப்போது கூறுகிறோம்.

பிறந்த குழந்தையை உடனே குளிப்பாட்டுதல் வேண்டா. முதற்குளியலை 24 மணி நேரமாவது தள்ளிப் போடுக என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2022-ஆம் ஆண்டுப் பரிந்துரைகளில் கூறியுள்ளது. குழந்தையின் உடலில் வெண்மெழுகு போல் படிந்திருப்பது அழுக்கன்று. அது தோலுக்குக் காப்பு. தொப்புள்கொடி பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் உதிரும். அதுவரை வெதுவெதுப்பான நீரில் நனைத்த மெல்லிய துணியால் துடைத்தாலே போதும். கொடியின் மீது சாம்பலோ மஞ்சளோ எண்ணெயோ இடலாகாது. அது உலர்ந்திருப்பதே நன்று. இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த எடையோடு பிறந்த குழந்தையை எப்போது குளிப்பாட்டலாம் என்பதை மருத்துவரே கூற வேண்டும்.

மணையில் அமருமுன் துண்டு, உடை, செம்பு, சோப்பு யாவும் கையெட்டும் தொலைவில் இருத்தல் வேண்டும். வாளியில் முதலில் தண்ணீரை ஊற்றி, அதன் பிறகே வெந்நீரைக் கலக்க வேண்டும். இவ்வரிசை மாறுவதால் நேர்ந்த தீப்புண்கள் பல. 60 பாகை வெப்பமுள்ள நீர் குழந்தையின் மென்தோலைச் சில நொடிகளிலேயே புண்ணாக்கிவிடும். நமக்கு வேண்டுவது 37, 38 பாகை, அஃதாவது நம் உடற்சூட்டின் அளவே. விரல் நுனி சூட்டுக்குப் பழகியது; அதை நம்பலாகாது. முழங்கையை நனைத்துப் பாருங்கள். சூடாகவோ குளிராகவோ தோன்றாவிடில் அதுவே பதம்.

எண்ணெய் தேய்த்த குழந்தை விலாங்குமீன் போல் நழுவும். கால்களின் மேல் மெல்லிய பருத்தித் துணியொன்றை விரித்துக்கொண்டால் வழுக்காது. கால் நீட்டி அமர இயலாதவர்கள் அகன்ற பிளாஸ்டிக் பேசினில் துண்டு விரித்து, மூன்று விரல் உயரத்துக்கு மட்டும் நீர் வைத்து, கழுத்தின் அடியில் ஒரு கையைத் தாங்கலாகக் கொடுத்து நீராட்டலாம். பால் குடித்தவுடன் குளிப்பாட்டலாகாது. கழுத்து, அக்குள், தொடை மடிப்புகளில் பயற்றமாவோ சோப்போ தங்கிவிட்டால் புண்ணாகும். இவ்விடங்களை நன்கு அலசி ஒற்றி எடுக்க வேண்டும்.

அடுத்து, ஊரில் இல்லாத ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும், அது குளிர். சனவரி வைகறையில் சென்னையில் வெப்பம் 20 பாகையை ஒட்டி நிற்க, இங்கே 5, 6 பாகைக்கு இறங்குவது புதிதன்று. "விடியுமுன் தலைக்கு ஊற்றிவிடு" என்னும் ஊர் வழக்கம் இங்கே பொருந்தாது. நண்பகலை ஒட்டிய நேரமே தக்கது. நாள்தோறும் முழுக்காட்ட வேண்டும் என்பதும் இல்லை. குளிர்காலத்தில் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை போதும். ஏனைய நாள்களில் முகமும் மடிப்புகளும் அரையும் துடைத்துவிட்டால் குழந்தை தூய்மையாகவே இருக்கும். தலைக்கு நீர் வார்ப்பதைக் கடைசியில் வைத்துக்கொண்டு, துவட்டுவதைத் தலையிலிருந்து தொடங்குங்கள். குழந்தையின் தலை உடம்பின் அளவை நோக்கப் பெரிது. சூடு அதன்வழி விரைவில் வெளியேறும்.

குளிருக்கு அஞ்சி நாம் தேடும் வெப்பமே சிலபோது கூற்றுவனாகிறது. அங்கீட்டியில் கரி மூட்டி, கதவை அடைத்து, அவ்வறையில் குழந்தையைக் குளிப்பாட்டும் பழக்கம் இங்கே உண்டு. எரியும் கரி கார்பன் மோனாக்சைடு என்னும் நஞ்சுவளியை உமிழ்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலைநோவும் மயக்கமும் வந்த பின்னரே தெரியும், சில வேளை அப்போதும் தெரியாது. காற்றோட்டமில்லாக் குளியலறையில் எரிவாயு கீசரும் இத்தகையதே. மின்தண்டு இட்டு நீர் காய்ச்சுவோர், மின் இணைப்பை நிறுத்தி, செருகியையும் பிடுங்கிய பிறகே நீரைத் தொடுக. வெந்நீரைக் குளியலறைக்கு வெளியே ஆயத்தம் செய்து கொண்டுவருதலே எல்லாவற்றினும் நன்று.

பாட்டியர் செய்தவற்றுள் விட வேண்டியனவும் சில உள. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடலாகாது. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுள் இறங்கிச் சளிக்காய்ச்சலை உண்டாக்கும். மூக்கை வாயால் ஊதுதல், பிறந்த குழந்தையின் மார்பை அழுத்திப் பாலெடுத்தல், தலையை உருட்டிப் பிடித்தல் ஆகியவற்றால் நன்மை இல்லை. புண்ணும் சீழும் வருதல் கூடும். சாம்பிராணிப் புகையின் மணம் நமக்கு இனிது. குழந்தையின் நுரையீரலுக்கு அது புகையே. இவ்வாறு கூறுவது பாட்டியரைப் பழித்தலன்று. அவர்தம் கைப்பாங்கைக் கொள்வோம். கேடு தருவனவற்றை மட்டும் தள்ளுவோம். "ஜாப்பா" என இங்கே வழங்கும் பணிப்பெண்ணை அமர்த்துவோரும் இவற்றை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுதல் நலம்.

இனிச் சொல்லப்போவது சொல்லக் கூசுவது. ஆயினும் மறைத்தல் தகாது. 2001-ஆம் ஆண்டு கோடையில் எங்கள் இளைய மகனுக்கு ஒரு வயது. எங்கள் குடியிருப்பில் காலையும் மாலையும் மட்டுமே குழாயில் நீர் வரும். ஆகவே வாளிகளை எந்நேரமும் நிரப்பியே வைத்திருப்போம். ஒருநாள் அவனைக் குளிப்பாட்டித் துவட்டிக் கூடத்தில் விட்டோம். தொலைபேசி ஒலித்தது. ஒருவர் அதை எடுக்கப் போனோம். மற்றவர் அடுப்பைக் கவனிக்கப் போனோம். குழந்தையை மற்றவர் பார்த்துக்கொள்கிறார் என்று இருவருமே எண்ணினோம். நான்கு வயது மூத்தவள் "தம்பி! தம்பி!" என்று வீறிட்டாள். ஓடிப் பார்த்தபோது அவன் தலை வாளிக்குள்ளும் கால்கள் மேலேயுமாக இருந்தான். வாளியில் அரைவாசி நீர்தான். ஓர் ஒலி இல்லை, ஒரு தெறிப்பு இல்லை. தூக்கி எடுத்தோம், இருமினான், கக்கினான், பிறகு அழுதான். அவ்வழுகையைப் போல் இனிய ஓசையை எங்கள் வாழ்நாளில் கேட்டதில்லை. மருத்துவமனையில் ஒருநாள் வைத்திருந்து அனுப்பினார்கள். அன்று மூத்தவள் பள்ளிக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றும் எங்களால் எண்ணிப் பார்க்க இயலவில்லை.

நடை பழகும் பிள்ளைக்குத் தலை கனம். குனிந்து விழுந்தால் தானே நிமிர மாட்டாது. நீர் நிறைந்த வாளியும் கவிழாது. நான்கு விரல் ஆழ நீரே உயிரைக் குடிக்கப் போதும். தொட்டியில்லா வீட்டில் இடர் இல்லை என்று எண்ணற்க. நம் வாளிதான் நம் தொட்டி. குளித்து முடிந்ததும் வாளியைக் கவிழ்த்து வையுங்கள். நீர் சேமித்தே ஆக வேண்டுமெனில் மூடியுள்ள டிரம்மில் சேமியுங்கள். குளியலறைக் கதவுக்கு வெளிப்புறம் உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் இடுங்கள். குளிப்பாட்டும் நேரத்தில் யார் அழைத்தாலும், எது ஒலித்தாலும், எழத்தான் வேண்டுமெனில் குழந்தையைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டே எழுங்கள்.

சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு வழுக்காத தரையும், தாழ்ந்த முக்காலியும், தம் கைக்கேற்ற சிறு குவளையும் போதும். ஐந்தாறு வயதில் தாமே குளிக்கப் பழக்குங்கள்; அப்போதும் வெந்நீரைக் கலந்து கொடுப்பது நம் வேலையாகவே இருக்கட்டும்.

இச்சங்கத்தின் மூதாட்டியரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் அண்டை வீட்டில் குழந்தை பிறந்தால் சென்று பாருங்கள். நீங்களே நீராட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். இளந்தாயையும் இளந்தந்தையையும் மணையில் அமர்த்தி, அவர்கள் கால்களில் குழந்தையைக் கிடத்தி, நீங்கள் அருகில் நின்று நீர் மட்டும் வார்த்துக் கொடுங்கள். அம்மா எங்களுக்குச் செய்யத் தவறியது அதுவே. நாங்கள் கேட்கத் தவறியதும் அதுவே.

சென்ற ஆண்டு எங்கள் மூத்த மகளுக்குப் புனே நகரில் பெண் குழந்தை பிறந்தது. அவர்கள் வீட்டிலும் தொட்டி இல்லை. நாங்கள் ஒரு மணையைச் சுமந்துகொண்டு போனோம். தொப்புள்கொடி உதிர்ந்தபின் வந்த முதற்குளியலன்றே மகளையும் மருமகனையும் முறைவைத்து அதில் அமர்த்தினோம். நாங்கள் புறப்பட்டு வந்த மறுநாள் காலை எங்களுக்குத் தொலைபேசி அழைப்பு எதுவும் வரவில்லை. குளியல் நன்கு நடந்தது என்று அதனால் அறிந்துகொண்டோம்.