குதிரையும் கணக்கும்



குதிரைப் பந்தயம் என்ற சொல்லைக் கேட்டவுடன் எங்கள் வீடுகளில் முகங்கள் மாறுவதுண்டு. கலியாணப் பேச்சு நடக்கும்போது, "மாப்பிள்ளை றேசுக்குப் போறவராம்" என்று எவரேனும் காதோடு காதாகச் சொல்லிவிட்டால், அந்தச் சம்பந்தம் அவ்வளவில் நின்றுவிடும். இந்த அச்சத்திற்கு நியாயமான காரணம் உண்டு. அதனைப் பின்னர் சொல்லுகிறேன். ஆயினும், ஒரு பாடசாலைக்கு அதிபராக இருக்கும் நான், குடும்பத்தோடு ஒரு மாலைப் பொழுதைப் பந்தயக் களத்திற் கழிப்பது குற்றமன்று என்னும் கட்சியைச் சேர்ந்தவன். குதிரையைப் பார்ப்பது வேறு; குதிரையின் மேற் பணம் கட்டுவது வேறு. இவை இரண்டும் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்து கிடப்பதால், ஒன்றின் பழி மற்றதன் மேல் விழுந்துவிட்டது.

தமிழருக்குக் குதிரை என்றும் கடல் கடந்து வந்த விருந்தாளியே. காவிரிப்பூம்பட்டினத்தின் வளத்தைப் பாடும் பட்டினப்பாலை, மரக்கலத்தில் வந்திறங்கிய குதிரைகளைக் குறிப்பிடுகின்றது. 13ஆம் நூற்றாண்டில் பாண்டி நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, அரசன் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கிற் குதிரைகளை வாங்குகிறான் என்றும், பேணத் தெரிந்தவர் இல்லாமையால் அவை விரைவில் மாண்டு போகின்றன என்றும் எழுதி வைத்தான். குதிரை வாங்கக் கொண்டுபோன பொன் கோயில் திருப்பணிக்குப் போன வரலாற்றை நமது பிள்ளைகள் பாலர் வகுப்பிலேயே கேட்டு விடுகிறார்கள். ஈழத்தில், நெடுந்தீவின் வெளிகளில் இன்றும் மேய்ந்து திரியும் குதிரைகள், போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கொண்டுவந்து வளர்த்தவற்றின் வழித்தோன்றல்கள். குள்ளமாய், பனை நிழலில் தலை குனிந்து நிற்கும் அந்தக் குதிரைகளையே கண்டு வளர்ந்த எனக்கு, பந்தயக் குதிரையை முதன்முறை அருகிற் கண்டபோது, இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தது தகுமா என்று தோன்றியது.

இலங்கையிற் பந்தயத்தை நிலைநாட்டியவர் ஆங்கிலேயர். முதலிற் காலிமுகத் திடலில் ஓடிய குதிரைகள், 1893ஆம் ஆண்டிற் கறுவாத்தோட்டத்திற் புதுக் களம் அமைந்தபின் அங்கே ஓடின. இரண்டாம் உலகப் போரின்போது அந்தக் களம் விமானத் தளமாயிற்று. 1942ஆம் ஆண்டு ஏப்ரில் 5ஆந் திகதி யப்பானியர் கொழும்பின் மேற் குண்டு வீசிய காலையில், அவர்களை எதிர்க்கச் சென்ற ஹரிக்கேன் விமானங்களுட் சில குதிரை ஓடிய அப்புல்வெளியிலிருந்தே மேலெழுந்தன. விடுதலைக்குப் பின் அரசினரின் மனம் பந்தயத்திற்கு மாறாகத் திரும்ப, கொழும்பில் ஓட்டம் நின்று போயிற்று. இன்று அங்கே றக்பி ஆடுகிறார்கள். பார்வையாளர் மண்டபம் கடைத்தொகுதியாகிவிட்டது.

எஞ்சியிருப்பது நுவரெலியா. சாமுவேல் பேக்கர் 1848ஆம் ஆண்டில் ஆங்கிலக் குடியேற்றம் ஒன்றை நிறுவ முற்பட்ட அந்த மலை நகரில், 1875ஆம் ஆண்டளவிற் பந்தயக் களம் தோன்றியது. இடையில் ஓய்ந்த ஓட்டம் 1980களில் மீண்டும் தொடங்கியது. கடல் மட்டத்திலிருந்து 6000 அடிக்கு மேலே, ஒரு புறம் பிதுறுதலாகலை மலை, மறுபுறம் கிரகரி ஏரி என்று அமைந்த அந்தக் களத்திற்குச் சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய வசந்த காலத்திற் போய்ப் பார்க்க வேண்டும். கொழும்பிலிருந்து வந்த சீமாட்டிகள் அகன்ற தொப்பிகளோடு ஒரு புறம் உலவுவர். வேலிக்கு இப்பால் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள், தூக்குச் சட்டியும் பாயும் கைக்குழந்தையுமாக அமர்ந்திருக்கும். அவித்த சோளமும் கடலையும் இரு சாராருக்கும் பொது. பிற்பகல் மூன்று மணியானதும் மலையிலிருந்து மூடுபனி இறங்கும். சில வேளை மழையும் கூடவே வரும். அப்பொழுது தொப்பிகள் படும் பாடு தனி வேடிக்கை.

களத்திற்குச் செல்பவர் பலர் ஓடுகளத்தின் முடிவுக் கம்பத்தை நோக்கியே விரைகின்றனர். என் யோசனை வேறு. ஒவ்வோர் ஓட்டத்திற்கும் முன்னர், குதிரைக்காரர்கள் தத்தம் குதிரைகளை ஒரு வளையத்திற் சுற்றி நடத்திக் காட்டுவார்கள். அந்த வேலியோரத்திற் போய் நில்லுங்கள். ஏறக்குறைய 500 கிலோ எடையுள்ள பிராணி, கைக்கெட்டும் தூரத்தில், புல் நசுங்கும் ஓசைகூடப் பெரிதாய்க் கேளாதபடி நடந்து போகும். தோலின் கீழ் நரம்புகள் கொடிபோல் ஓடும். ஓடத் தொடங்கினால் மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டும் அதன் கால்களைக் கவனியுங்கள்: முன்னங்காலின் முழங்காலுக்குக் கீழே தசை என்பதே கிடையாது, எலும்பும் தசைநாணும் தோலும் மாத்திரமே. அத்தனை பாரத்தையும் வேகத்தையும் மனிதனின் மணிக்கட்டளவு பருமனுள்ள ஒரு தண்டு தாங்குகிறது. பாய்ந்தோடும் குதிரைக்குத் தன் விருப்பப்படி மூச்சு விடவும் இயலாது. ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சு என்பது அதன் உடல் விதி.

தரோபிரெட் என வழங்கும் இந்தப் பந்தயச் சாதிக்கு ஒரு வியப்பான வமிச வரலாறு உண்டு. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் கீழைத்தேயத்திலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்ட பயர்லி துருக்கன், டார்லி அராபியன், கொடொல்பின் அராபியன் என்னும் மூன்று ஆண் குதிரைகளுள் ஒன்றிலேயே, இன்றுள்ள ஒவ்வொரு தரோபிரெட் குதிரையின் தந்தை வழியும் போய் முடிகின்றது. வட கோளத்திற் பிறந்தவை யாவற்றிற்கும் பிறந்த நாள் சனவரி முதலாந் திகதி. மே மாதம் பிறந்த குட்டிக்கும் அதுவே. வயது வாரியாக ஓட்டங்களை வகுப்பதற்கு இந்த ஏற்பாடு. முதலாம் வகுப்பிற்குப் பிள்ளைகளைச் சேர்க்கும்போது நாங்களும் ஒரு திகதியை வைத்துக்கொண்டு படுகின்ற பாட்டை எண்ணிப் பார்க்கையில், குதிரைக்காரரிடம் நாம் கற்க வேண்டியது உண்டு போலும்.

குதிரையைக் கண்ணாற் பார்ப்பது எளிதென்று எண்ண வேண்டா. பாய்ந்தோடும் குதிரையை ஐரோப்பிய ஓவியர்கள் நெடுங்காலம் முன்னங்கால்கள் முன்னே நீள, பின்னங்கால்கள் பின்னே நீள, ஆகாயத்தில் மிதப்பதுபோல் வரைந்து வந்தார்கள். 1878ஆம் ஆண்டிற் கலிபோர்னியாவில் மைபிரிட்ஜ் என்பவர், ஓடுபாதையின் அருகே புகைப்படக் கருவிகளை வரிசையாக நிறுத்திப் படமெடுத்தார். நான்கு கால்களும் நிலத்தை விட்டு நீங்கும் கணம் ஒன்று உண்மையில் உண்டு. ஆனால் அக்கணத்திற் கால்கள் வயிற்றின் கீழே ஒடுங்கியிருக்கின்றன என்பதை அப்படங்கள் காட்டின. கண்கள் எத்தனையோ தலைமுறை பார்த்தும் காணாத ஒன்று அது.

நானும் என் மைத்துனரும் அந்த வளையத்தருகே நின்றிருந்தோம். அவர் குதிரைகளைப் பார்த்ததிலும் கையிலிருந்த அச்சுத் தாளைப் பார்த்ததே அதிகம். "அத்தான், ஒரு நூறு ரூபா கட்டிப் பாப்பமே?" என்றார். "எந்தக் குதிரைக்கு?" என்று கேட்டேன். பெயர் நன்றாயிருக்கிறது என்று ஒன்றைக் காட்டினார். அந்தக் குதிரை நாலாவதாக வந்தது. "நூறு ரூபா போனால் என்ன, ஒரு படம் பார்த்த காசுதானே" என்று அவர் சொன்னதை நான் மறுக்கவில்லை. வீட்டை விட்டுப் புறப்படும்போதே செலவென்று எழுதிவிட்ட பணத்திற்கு அந்த நியாயம் பொருந்தும். வரவென்று எதிர்பார்த்துக் கட்டும் பணத்திற்கு அது பொருந்தாது. ஏன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது.

பந்தயக் களங்களிற் பணம் கட்டும் முறைகளுள் ஒன்று டோட் என்பது. எல்லோரும் கட்டும் பணம் ஒரே தொகையாகத் திரள்கிறது. அதில் ஒரு பங்கைக் களத்தாரும் அரசினரும் எடுத்துக்கொள்வர். மிகுதி வென்றவர்களுக்குப் பகிரப்படும். இதற்கென முழுதும் தானே இயங்கும் பெரிய இயந்திரம் 1913ஆம் ஆண்டில் நியூசிலாந்தின் ஓக்லாந்து நகரில் முதன்முதல் அமைக்கப்பட்டது. அதனை ஆக்கிய ஜோர்ஜ் யூலியஸ் என்னும் பொறியியலாளர், தேர்தலில் வாக்குகளை எண்ணுவதற்கே முதலில் அதைத் திட்டமிட்டார். அரசினர் வேண்டாமென்றனர், பந்தயக்காரர் வாங்கிக்கொண்டனர்.

நான் ஒரு கணக்குச் சொல்லுகிறேன். கேட்டுக்கொண்டே மனத்திற் போட்டுப் பாருங்கள். களத்தில் உள்ளோர் அனைவரும் சேர்ந்து ஓர் இலட்சம் ரூபா கட்டுகிறார்கள் என்றும், நூற்றுக்கு இருபது கழிக்கப்படுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். முதல் ஓட்டம் முடிந்ததும் மக்கள் கையில் 80,000 ரூபா. அதனை முழுதும் அடுத்த ஓட்டத்திற் கட்டினால் 64,000. மூன்றாவதின் பின் 51,200. இப்படியே எட்டு ஓட்டங்கள் முடியும்போது, அந்த இலட்சத்தில் எஞ்சுவது 17,000 ரூபாவிற்கும் குறைவு. எந்தக் குதிரை வென்றது, எது தோற்றது என்ற பேச்சே இந்தக் கணக்கில் இல்லை. ஒருவர் வெல்வதெல்லாம் பக்கத்தில் நிற்பவரின் பணம். இருவருக்கும் இடையில் ஒரு கை ஒவ்வொரு முறையும் நுழைந்து எடுத்துக்கொண்டே இருக்கிறது.

நளவெண்பாவைப் படித்தோர் ஒன்றை நினைவு கூர்வர். சூதில் நாடிழந்த நளன், வாகுகன் என்ற பெயரில் அயோத்தி மன்னன் இருதுபன்னனுக்குத் தேர்ப்பாகனானான். குதிரையின் உள்ளத்தை அறிந்து செலுத்தும் வித்தையில் அவனுக்கு நிகரில்லை. மன்னனோ ஓடுந் தேரிலிருந்தபடியே ஒரு தான்றி மரத்தின் எண்ணிக்கையைச் சொல்லவல்ல கணக்கன். இருவரும் தத்தம் வித்தையை மாற்றிக்கொள்ள, கலி நளனை விட்டு நீங்கிற்று. குதிரை நூல் அறிந்தவனை அந்த அறிவு சூதிலிருந்து காக்கவில்லை. எண்ணுங் கலை கைவந்த பின்னரே அவன் மீண்டான். பந்தயத்தில் ஆழ்ந்தவர்கள், "எனக்குக் குதிரையைப் பற்றி எல்லாம் தெரியும்" என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு வாகுகனின் நினைவு வரும்.

இனி, தொடக்கத்திற் சொல்வதாகக் கூறிய காரணத்திற்கு வருகிறேன். நுவரெலியாவில் ஆண்டில் ஒரு சில நாட்களே குதிரை ஓடுகிறது. ஆனால் எங்கள் பட்டினங்களின் கடைத்தெருக்களிற் குதிரை இல்லாத பந்தயம் ஆண்டு முழுவதும் நடக்கிறது. புக்கி என்று சொல்லப்படும் கடைகளைத்தான் குறிப்பிடுகிறேன். 1988ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டப்படி இவற்றிடம் அரசினர் வரி அறவிடுகின்றனர். இங்கிலாந்திற் பிற்பகலில் ஓடும் குதிரைகள் நமக்கு மாலையிலும் முன்னிரவிலும் ஓடுகின்றன. அதாவது, கூலி கைக்கு வந்து வீடு திரும்பும் நேரம். ஒரு குதிரையின் முதுகைத் தடவியறியாதவர்கள், கண்டிராத ஊரின் மழையையும் மண்ணையும் பற்றி விவாதித்துக்கொண்டு நிற்பதைக் காணலாம். என் பாடசாலைக்குப் போகும் வழியிலும் அப்படியொரு கடை உண்டு.

எட்டாம் வகுப்பிற் பின்னம் படிப்பித்துக்கொண்டிருந்த நாளொன்றில், மற்றப் பாடங்களில் வாய் திறவாத மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், ஐஞ்சுக்கு ரெண்டு எண்டால் ரெண்டு ரூபாவுக்கு ஏழு ரூபா வரும்" என்றான். விடை முற்றிலும் சரி. பின்னர் தனியே அழைத்துக் கேட்டபோது விஷயம் வெளிப்பட்டது. தகப்பனார் மேசன் வேலை செய்பவர். குதிரைகளின் ஆங்கிலப் பெயர்களை வாசிக்க அவருக்குத் தெரியாது, மகனுக்குத் தெரியும். ஆகவே மாலைதோறும் துண்டு எழுதிக் கொடுப்பது மகனின் வேலை. நாங்கள் கற்பித்த ஆங்கிலம் அவனுக்கு முதன்முதல் உதவிய இடம் அது.

நான் அவனைக் கண்டிக்கவில்லை. தகப்பனை ஏசுவதும் பிள்ளையின் முன்னிலையில் ஆகாது. மறுநாள் கரும்பலகையில் நான்கு குதிரைகளை எழுதினேன். முதலாவதற்கு ஒன்றுக்கு ஒன்று. இரண்டாவதற்கு இரண்டுக்கு ஒன்று. மூன்றாவதற்கு நாலுக்கு ஒன்று. நாலாவதற்கு ஒன்பதுக்கு ஒன்று. எது வென்றாலும் 30 ரூபா கையில் வரவேண்டுமானால் ஒவ்வொன்றிலும் எவ்வளவு கட்ட வேண்டும்? வகுப்பு முழுவதும் கணக்கிட்டது. 15, 10, 6, 3 என்று வந்தது. அவன்தான் முதலிற் கூட்டினான். "முப்பத்துநாலு சேர்" என்றான். முப்பது ரூபா பெறுவதற்கு முப்பத்துநாலு ரூபா. சிறிது நேரம் பலகையைப் பார்த்திருந்துவிட்டு, தன் கொப்பியில் அதை மறுபடி எழுதிப் பார்த்தான். கூட்டல் பிழையோ என்ற ஐயம் போலும்.

அந்தக் கொப்பி வீட்டிற்குப் போயிற்று. தகப்பனார் பார்த்தாரா என்று நான் விசாரிக்கவில்லை.

அதே மாணவன் ஒரு நாள், "சேர், பந்தயக் குதிரை எவ்வளவு உயரம் இருக்கும்?" என்று என்னைக் கேட்டான். நூற்றுக்கணக்கான குதிரைகளின் பெயரை எழுதியவன், ஒன்றையேனும் கண்டவனல்லன். பந்தயக் குதிரைகளை விடியற் பொழுதில் ஓட்டிப் பழக்குவது எங்கும் உள்ள வழக்கம். அந்நேரத்திற் பணம் கட்டும் சாளரங்கள் திறப்பதில்லை, தொப்பிகளும் வருவதில்லை. பனிக்குள்ளே குளம்பொலி முதலிற் கேட்கும். குதிரை பின்னர் தோன்றும். அடுத்த சித்திரையில் அந்த வகுப்புப் பிள்ளைகளை நுவரெலியாவுக்கு அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறேன். பெற்றோரிடம் சம்மதக் கடிதம் வாங்க வேண்டும். கம்பளிச் சட்டை இல்லாத பிள்ளைகளுக்கு எங்கேனும் இரவல் பார்க்க வேண்டும்.